ஆயுத பூஜைக்கு நிறுத்திய மெஷின்

பாப்பா, நீ போன வாரம் போனில் அனுப்பிய செய்திக்குப் பதில் எழுதுகிறேன். இரண்டே வரியில் கேட்டிருந்தாய். கல்யாணத்துக்கு முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள், அவர்களுக்கு உள் அறை வேண்டும், அங்கே ஓடுகிற மெஷினை நிறுத்திவிடலாமா நைனா, எப்படியும் அதனிடம் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை என்று. இரண்டு வரிக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. நம் டிரெய்லர் ஓட்டுநர் சங்கம் பொங்கலுக்குக் கொண்டுவருகிற ஆண்டு மலரில் கம்ப்யூட்டர் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கட்டுரையெல்லாம் எனக்கு வராது, என் மகளுக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது சங்கத்தில் பாதிப் பேர் படித்து முடித்திருப்பார்கள். தெரிந்துதான் செய்கிறேன். நீ செய்தது அவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் எங்கள் வண்டிகளுக்கு லோடு கிடைப்பது முறைப்படி. முதலில் வந்து நின்றவனுக்கு முதல் கன்டெய்னர் பெட்டி. இரண்டு சங்கம் இருப்பதால் முறைப் பலகையை எழுதுகிறவன் எந்தச் சங்கத்து ஆள் என்பதில் எப்போதும் சண்டை. இந்தச் சங்கத்துக்காரன் எழுதினால் அந்தச் சங்கத்துக்காரன் பெயர் கீழே இறங்கிவிட்டது என்பான். ஒருமுறை எண்ணூர் ரோட்டிலேயே கண்ணாடி உடைந்து, ஒருவனுக்கு மண்டையும் உடைந்தது. அப்போது நீ பெங்களூர்க் கம்ப்யூட்டர் வேலையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். இந்தப் பெயர்களைப் பிளாக்செயினில் எழுதிவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது நைனா என்று சொன்னாய். ஒரே பதிவு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்க்கலாம், சேர்த்ததை அழிக்க முடியாது, அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் நோடு என்று பெயர் என்று எனக்கு விளக்கினாய். இரண்டு சங்கங்களும் ஒத்துக்கொண்டன. யாரும் யாரையும் நம்ப வேண்டாம் என்பதுதான் அவர்களுக்குப் பிடித்தது.

டிரைவர்கள் பெயர் போடவும் பட்டியல் பார்க்கவும் போனில் ஒரு செயலி செய்தாய். ஆனால் டிரைவர் கையில் இருக்கிற போனால் அந்தப் பதிவை நேராகப் படிக்க முடியாது, எழுதவும் முடியாது. ஏதாவது ஒரு நோடிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதை யாரோ ஏற்கெனவே ஆயத்த நிரலாக எழுதி, லைப்ரரி என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நம் செயலியில் சேர்த்து, எந்த நோடிடம் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியில் முகவரி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு வரியில்தான் நமக்குள் முதல் தகராறு வந்தது. நீ ஒரு முகவரியைப் போட்டாய்.

"இது யார் வூட்டு மெசினு?" என்றேன்.

"ஒரு கம்பெனிது நைனா. அவங்க நோடு வச்சிக்கினு கீறாங்க. நாம கேட்டா சொல்லுவாங்க."

"அவன் சொல்றது நெசமான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"ஊரு ஒலகமே அவங்களத்தான் கேக்குது நைனா."

"ஊரு கேக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டிய காலமெல்லாம் ஏதாவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று என் முறை வந்ததா என்று கேட்டவன் நான். உள்ளே இருப்பவன் குனிந்து ஒரு காகிதத்தைப் பார்ப்பான், இன்னும் வர்லப்பா என்பான். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் இன்னொரு ஜன்னலைக் கொண்டுவந்து வைக்கிறாயே என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்பதற்கு ஒரு நோடு வேண்டும் என்றால் அது நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். வேலை அதிகம் என்றாய். முழங்கால் போய் வண்டியை விட்டு இறங்கிய பிறகு எனக்கு வேறு என்ன வேலை இருந்தது? ஒரு கம்ப்யூட்டரை வாங்கி உள் அறையில் வைத்தேன், அதுதான் இந்த மெஷின்.

டீசல் இன்ஜினை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தைக் கன்டெய்னர் கதவுகளைப் பார்த்துக் கற்றேன். இதையும் அப்படித்தான் கற்றேன். வீடியோவைப் பார்ப்பேன், நிறுத்துவேன், அதேபோல் தட்டுவேன், சிவப்பு எழுத்தில் ஏதாவது வரும், அதை உனக்குப் படம் எடுத்து அனுப்புவேன். மெஷினில் இரண்டு நிரல்கள் சேர்ந்து ஓட வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று நம்புவதற்கு ஒரே ரகசியக் கோப்பைப் பார்க்க வேண்டும். நான் ஒன்றுக்கு ஒரு இடத்தையும் மற்றதற்கு வேறு இடத்தையும் காட்டியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கவே எத்தனையோ நாள் ஆனது. பிறகு பழைய பதிவுகள் எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருந்தேன். துறைமுகத்து நிலக்கரித் தூள் மின்விசிறியில் படிந்து மெஷின் சூடாகும், அதைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவதற்கென்று உன் அம்மா ஒரு பிரஷ்ஷை ஒதுக்கிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்தபடி உன் லேப்டாப்பில் ஒரு கட்டளையைத் தட்டினாய். நம் வீட்டு மெஷின் கடைசிப் பதிவின் எண்ணைத் திருப்பிச் சொன்னது. "நைனா, பேசுது" என்றாய். உன் குரல் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. நான் என்ன நினைத்தேன் என்பது மட்டும் இப்போது யோசித்தால் வரவில்லை. சந்தோஷப்பட்டிருப்பேன்.

இனி ஆயுத பூஜை அன்று நடந்ததற்கு வருகிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். பூஜை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, நம் தெருமுனையில் நிறுத்தியிருந்தேன். உன் பாடப் புத்தகங்களை பம்பர் மேல் அடுக்கி வைத்திருந்தாய். அன்று படிக்க வேண்டாம் என்பதில் உனக்குப் பெரிய சந்தோஷம். ஓனர் பைக்கில் வந்து இறங்கினார்.

"கப்பல் நிக்குது, வண்டிய எடு."

"நாளைக்கி எடுக்கறேன் சார்."

"நாளைக்கி வேற டிரைவர் எடுப்பான்."

"எடுக்கட்டும்."

எடுத்தான். தீபாவளி போய் வெகு நாள் வரை எனக்கு வண்டி இல்லை. ஸ்டீயரிங் பிடித்த காலத்தில் ஒரு ஆயுத பூஜைக்கும் நான் வண்டி ஓட்டியதில்லை. உழைக்கிற சாமானுக்கு வருஷத்தில் ஒருநாள் ஓய்வு. நீ கல்லூரியில் படித்தபோது உன் லேப்டாப்பும் பூஜையில்தான் இருந்தது. மூடியில் குங்குமம் வைத்து மறுநாள் வரை நீயே தொடாமல் இருந்தாய். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

போன பூஜைக்கு உனக்கு வேலை இருந்தது, வரவில்லை. நான் காலையில் மெஷினை முறைப்படி நிறுத்தினேன். வயரைப் பிடுங்கவில்லை. இரண்டு நிரலையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, எல்லாம் எழுதி முடித்ததா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் மின்சாரத்தை எடுத்தேன். துடைத்தேன், பிரஷ் போட்டேன், மேலே சந்தனம் வைத்தேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஓடிக்கினே இருக்கணும்னு பாப்பா சொல்லிச்சேய்யா."

"லாரி கூடத்தான் ஓடிக்கினே இருக்கணும்னு ஓனர் சொன்னான்."

"அது லாரி. இது இன்னான்னே எனக்குத் தெர்ல."

"எதுவா இருந்தா இன்னா, ஒழைக்குதில்ல?"

அவள் குங்குமக் கிண்ணத்தை எடுத்துவந்து கொடுத்தாள். சாமந்திப் பூவைச் சுற்றினாள், காற்றுப் போகிற ஓட்டையை மறைக்காமல் சுற்று என்றேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி, சுண்டல் எல்லாம் அக்கம்பக்கம் கொடுத்தாள். மெஷின் அமைதியாக இருந்தது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

யார்டில் பாதி வண்டி நின்றது. பூஜை இல்லாதவர்கள் ஓட்டினார்கள். ராயபுரத்து அந்தோணியை உனக்குத் தெரியும், என்னோடு வண்டி ஓட்டியவன், உனக்குப் பள்ளிக்கூடம் விட்டபோது எத்தனையோ முறை கேபினில் ஏற்றி வந்து விட்டிருக்கிறான். அவன் மத்தியானம் யார்டுக்கு வந்து போனில் தன் பெயரைச் சேர்க்கப் பார்த்திருக்கிறான். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு காலையில் இருந்த பட்டியலையே மறுபடி காட்டியிருக்கிறது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் லோடு எடுத்துப் போய்விட்டார்கள், அந்தோணி பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற பலகைக்காரன், அது முடிந்துவிட்டது என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டான். அவன் அந்தோணிக்குப் பின்னால் வந்தவன். போனது வேறு ஊர்த் துறைமுகத்தில் கப்பலேற்ற வேண்டிய நீண்ட தூர லோடு. அந்தோணிக்கு வழக்கமாகப் பெட்டி கொடுக்கிற ஏஜென்ட்டுடையது. அந்தப் பெட்டி கடைசி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, கப்பல் விட்டுவிட்டுப் போனது. யார் வண்டியில் போனது என்று ஏஜென்ட் பார்க்கவில்லை, அந்தோணியைத்தான் கேட்டார். கிறிஸ்துமஸ் வரை அவனைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மெஷினுக்குக் கற்பூரம் காட்டி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தோணி வாசலில் நின்று கத்தினான். "இன்னா அண்ணாத்தே, உன் மெசினு லீவு போட்டுக்குச்சா? என் வண்டிக்கு யாரு லீவு குட்த்தது?" தெருவே பார்த்தது. உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்துவிட்டு மறுபடி கத்தினான். பிறகு போய்விட்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மெஷின் விட்ட இடத்திலிருந்து பதிவுகளை இழுத்துக்கொண்டிருந்தது, மின்விசிறி வேகமாகச் சுற்றியது, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினாய் நைனா என்று நீ அன்று போனில் கேட்டாய். பூஜைக்கு நிறுத்துவதை யாரிடம் சொல்வது? ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நீ உன் பக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கேட்ட இடத்திலிருந்து பதில் வராதபோது உன் செயலி என்ன செய்தது? எனக்குத் தெரியவில்லை என்று சொன்னதா? காலையில் வாங்கி வைத்திருந்த பட்டியலை எடுத்துப் புதிது போலக் காட்டியது. டிரைவர்கள் வெற்றுத் திரையைப் பார்த்தால் பயப்படுவார்கள் என்று நீதான் அப்படி வைத்தாய். பயப்பட்டிருந்தால் நல்லது. திரை வெறுமையாக இருந்திருந்தால் பலகைக்காரன் எனக்கு ஒரு போன் போட்டிருப்பான். நான் நிறுத்தினேன், நீ மறைத்தாய். அந்தோணி என் வாசலில் வந்து கத்தினான், பெங்களூருக்கு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நீ வழக்கம்போலப் பேசினாய். மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பாய், நன்றாக இருக்கிறது என்பேன். தினமும் காலையில் திரையைப் பார்ப்பேன். பதிவுகள் வந்துகொண்டிருந்தன, மற்ற நோடுகளோடு தொடர்பு இருந்தது. ஆனால் யார்டிலிருந்து கேள்விகள் வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. முதலில் லைன் பிரச்சினை என்று நினைத்து இன்டர்நெட் பையனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் கேபிளை மாற்றிவிட்டுப் போனான். அப்போதும் வரவில்லை. மழை என்று நினைத்தேன், வேலை குறைவு என்று நினைத்தேன். ஒருநாள் யார்டு வாசல் டீக்கடையில் அந்தோணி இருந்தான். பேசுவானோ மாட்டானோ என்று தள்ளி நின்றேன். அவனே கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, இப்போல்லாம் ஷோக்கா வேலை செய்து. டக்குனு பேர் ஏறுது."

"நம்ம மெசினுதானே," என்றேன்.

அவன் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உன்து எங்க? உன்ன அன்னிக்கே கயட்டி வுட்டாங்களே. பூஜை அன்னிக்கி சாயங்காலமே பாப்பா கம்பெனிது மாத்திச்சு. சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிச்சே. உனக்குத் தெர்யாதா?"

தெரியும் என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து உன் செயலியின் நிரலைத் திறந்து பார்த்தேன். முகவரி வரியில் கம்பெனி இருந்தது. மேலே தற்காலிகம் என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். மூடி வைத்துவிட்டேன். உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், சாப்பிட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, இன்றுவரை வரவில்லை. மறுநாளும் பிரஷ் எடுத்துத் தூசி தட்டினேன். யாரும் எதுவும் கேட்காத மெஷின் உலகத்தின் பதிவையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. நீ போன் செய்தபோது மெஷின் எப்படி இருக்கிறது நைனா என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்றேன். நீயும் தெரியாததுபோலக் கேட்டாய், நானும் தெரியாததுபோலச் சொன்னேன்.

கம்பெனியின் நோடு ஒருநாளும் நிற்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வேகமாகவும் இருக்கிறது. நீ மாற்றியதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, என் பேச்சைக் கேட்டால்தான் ஆச்சு என்று இந்த வயதில் அடம் பிடிக்கவும் இல்லை. அடம் பிடிக்கிறேன் என்று உன் அம்மா சொல்வாள், அவள் சொல்லட்டும். சங்கத்துக்கெல்லாம் சொன்ன உனக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நைனா கஷ்டப்படுவார் என்று நினைத்திருப்பாய். அதைத்தான் உன் செயலியும் செய்தது. புதுப் பதில் இல்லை என்று சொல்லாமல் பழையதைக் காட்டிச் சமாளித்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், மாப்பிள்ளையும் உன் தொழில்தான் செய்கிறார், நல்ல பையன். உன் அம்மாவும் நானும் எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். பேச்சு நின்ற நாட்கள் உண்டு. பேச மாட்டேன் போ என்று அவள் சொல்லிவிட்டு நிறுத்துவாள். சோறு வைக்கும் தட்டு சத்தமாகக் கீழே வரும். எனக்கு அது புரியும். நேற்றுச் சிரித்த சிரிப்பை எடுத்து இன்றைக்கும் மாட்டிக்கொண்டு அவள் என் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. நீ உன் வீட்டில் அப்படி நிற்காதே. கோபம் என்றால் கோபம் என்று சொல். மாற்றிவிட்டேன் என்றால் மாற்றிவிட்டேன் என்று சொல். எதிரில் இருப்பவன் தாங்குவானா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

உன் செய்தி வந்த அன்று நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், மெஷினை எடுத்துவிடுகிறேன், அந்த இடத்தில் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று. சரி என்றாள். மெஷினை மூட ஒரு பழைய புடவையைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்தோணி வந்தான். கிறிஸ்துமஸ் கேக் எடுத்து வந்திருந்தான். உட்கார்ந்தான். மெஷின் இருக்கிற பக்கம் பார்த்தான்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்போ என் போன்ல அதைப் போட்டுக் குடு."

"ஏன், கம்பெனிது நின்னுப்போச்சா?"

"நிக்கல. ஷோக்காத்தான் கீது."

"அப்புறம் இன்னா?"

"நின்னா நான் யாரு வூட்டு வாசல்ல போயி கத்தறது? அந்தக் கம்பெனி எந்த நாட்டுல கீதுன்னே தெர்ல. உன் வூடு எனக்குத் தெரியும்."

உன் அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தோணி சிரிக்கவில்லை. போனை என் கையில் கொடுத்தான். செயலியின் அமைப்பில் முகவரியை மாற்றுகிற இடத்தை நீ எடுக்காமலே விட்டிருந்தாய். அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது, யாரும் தொடுவதில்லை. நான் நம் முகவரியைப் போட்டேன். பட்டியல் வந்தது.

"அடுத்த பூஜைக்கி நிறுத்துவியா?" என்றான்.

"நிறுத்துவேன்."

"நீ திருந்த மாட்ட அண்ணாத்தே."

"மாட்டேன்."

"மின்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னிக்கி ஒருநாளு நான் கம்பெனிதப் போட்டுக்கறேன்."

சொல்கிறேன் என்றேன். கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள் உன் அம்மா, அவன் கொண்டுவந்ததையே அவனும் சாப்பிட்டான். ஏஜென்ட் மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று போகும்போது சொன்னான். சரி என்றேன். மறுநாள் காலையில் திரையைப் பார்த்தேன். அவன் முதல் டிரிப்புக்குப் பெயர் போட்ட நேரத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது, மெஷின் பதில் சொல்லியிருந்தது. இப்போதெல்லாம் தினமும் வருகிறது. ஒரே ஆள்தான்.

அதனால் உள் அறையில் கட்டில் போட முடியாது. சம்பந்தி வீட்டாரை ஹாலில் படுக்க வைக்கலாம், ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வரும். அவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றால் பக்கத்துத் தெரு மண்டபத்தில் இரண்டு அறை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், உன் அம்மா பார்த்துக்கொள்வாள். கல்யாண வேலை எதிலும் நான் குறை வைக்க மாட்டேன், முழங்கால் வலித்தாலும் நின்று செய்வேன். மெஷினை நிறுத்துவது பற்றி மட்டும் இனி என்னிடம் கேட்காதே. அது என் கையில் இல்லை. அந்தோணியைக் கேள். கல்யாணத்துக்கு வருகிறான்.

உன் நைனா,
திருவொற்றியூரிலிருந்து.